‘இழப்பற்ற ஆண்டு’ மலருக்கு நான் அனுப்பிய கதை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கியது. கதைகள் நெஞ்சில் ஊறி வருகின்றன என்று நம்பும் வாசகர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கலாம். அவர்களை ஏமாற்றிய பாவம் எனக்கு வேண்டாம்.

ஒரு வாரியம். அலுவலகங்கள், நூலகங்கள், வரி கட்டும் கவுன்டர்கள், ஓர் உதவித் தொலைபேசி மையம் என்று ஒரு நகரத்தின் பொதுச் சேவைகள் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் இணைப்பு கொடுக்கிற வாரியம். அதன் இயக்குநர் நடப்பு வருஷத்துக்கு ‘இழப்பற்ற ஆண்டு’ என்று பெயர் சூட்டினார். பெயர் சூட்டியதற்கு விருது கிடைத்தது. விருதுக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர், மலருக்கு ஒரு கதை. மலர்க்குழுச் செயலாளர் வீடு தேடி வந்துவிட்டார். அடக்கமான மனிதர். உட்காரச் சொன்னால் நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார்.

“ரெண்டு பக்கம் போதும் சார். நகைச்சுவையா இருக்கலாம். ஆனா யாரும் சிரிக்கிற மாதிரி இருந்துடக் கூடாது.”

இப்படி ஒரு நிபந்தனையைக் கேட்ட பிறகு மறுக்க மனம் வருமா? அதோடு, எதையுமே இழக்காத ஓர் அலுவலகத்தை இந்த வயதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஜோடி சாக்ஸ் ஒரு மாதம் ஜோடியாக இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

போய்ப் பார்த்ததுதான் வினை.

2

தொடக்கம் ஒன்று:

“தகவல் என்னும் மாநதி கரைபுரண்டு ஓடிய அந்தப் பொற்காலையில், இயக்குநர் அவர்கள் தம் தொலைநோக்குப் பார்வையை—”

(வேண்டாம். தொலைநோக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவருக்குத் தூரத்தில் இருப்பது தெரியும் என்பதற்கே சாட்சி இல்லை. பக்கத்தில் இருப்பது தெரியவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கதை நெடுக வரும்.)

தொடக்கம் இரண்டு:

“ஒரு ஊரில் ஒரு ரவுட்டர் இருந்தது. அதற்கு ஏழு துணை இயக்குநர்கள்.”

இதை நான் ரசித்தேன். செயலாளர் ரசிக்கவில்லை. ஏழு பேரையும் பதவி வரிசைப்படி குறிப்பிட வேண்டும், ஒருவரைக்கூட விடக் கூடாது என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். விடாமல் எழுதிப் பார்த்தேன். ஏழாவது துணை இயக்குநர் வந்து சேர்வதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது, கதை இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே ஏழு பேரையும் விட்டுவிட்டேன். என் முதல் இழப்பு.

தொடக்கம் மூன்று கீழே. இதையே வைத்துக்கொள்கிறேன். இதில் ஓர் ஆள் இருக்கிறாள்.

3

வரிசைக்காரி தன் காலை டீயை லாபிச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் குடிப்பாள்.

அந்தப் பெயர் அலுவலகம் வைத்தது. இணைப்புகளில் தரவு எப்படி வரிசை கட்டி நிற்கிறது, எங்கே நெரிசல், எங்கே காலி என்று பார்க்கும் பொறியாளர் அவள். வாயைத் திறந்தால் வரிசை. கேண்டீனில் எவனாவது குறுக்கே நுழைந்தால் அவனுக்கு ஐந்து நிமிஷம் வகுப்பு எடுத்துவிட்டுத்தான் டோக்கன் வாங்க விடுவாள்.

லாபிச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. வாரியத்தின் ஒவ்வோர் இணைப்புக்கும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. நாம் அனுப்பும் எதுவும் கம்பியில் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டித்தான் போகிறது. அதில் ஒரு பொட்டலம் எங்காவது தவறி விழுந்தால் அந்த இணைப்பின் புள்ளி சிவக்கும். சிவந்தால் அந்த ஷிப்ட் பொறியாளர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஏன் விழுந்தது, எப்படி விட்டீர், இனி விழாமலிருக்க என்ன செய்தீர். இது இயக்குநரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

பொறியாளர்களும் மனிதர்கள்தானே, மருந்து கண்டுபிடித்தார்கள். ரவுட்டருக்குள் பொட்டலங்கள் தங்கள் முறைக்காக நிற்கும் இடம் ஒன்று உண்டு. பஃபர் என்பார்கள், நமக்குக் காத்திருப்பு அறை. அறை நிரம்பினால் அடுத்து வருவது வெளியே விழும், சிவப்பு. அறையைப் பெரிதாக்கினால் விழாது, பச்சை. ஆகவே ஆளாளுக்குத் தங்கள் ஷிப்டில் சுவரை இடித்து அறையை நீட்டினார்கள். எவ்வளவு வந்தாலும் இடம் உண்டு, எவ்வளவு நேரமானாலும் நில். வரிசைக்காரியும் நீட்டினாள். உதவித் தொலைபேசி மையம் இருக்கும் கட்டடத்திலிருந்து வெளியே போகும் இணைப்புக்கு அறையை அகலமாக்கியது அவள் கைதான். அன்றைக்கு அவள் மகளுக்குக் காய்ச்சல். கடிதம் எழுத உட்கார நேரமில்லை.

இதில் என்ன தப்பு என்று கேண்டீனில் அவளிடமே கேட்டேன். டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அனுப்புற மெஷினுக்குக் கண்ணு கிடையாது சார். ரோடு எவ்வளவு அகலம்னு அதுக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா வேகத்தை ஏத்திக்கிட்டே போகும். ஒரு பாக்கெட் விழுந்தா, ஓ, ரோடு தாங்கலபோலன்னு வேகத்தைப் பாதியாக் குறைச்சுக்கும். விழறதுதான் அதுக்கிட்ட நாம பேசற ஒரே வார்த்தை. நாங்க அந்த வார்த்தையையே தடை பண்ணிட்டோம்.”

* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமுள்ளவர்கள் தாண்டலாம், ஆனால் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. கட்டுப்பாட்டியல் என்று ஒரு சாஸ்திரம் இருக்கிறது. தடித்தடிப் புத்தகங்கள், பக்கத்துக்குப் பக்கம் கிரேக்க எழுத்து. உள்ளே இருக்கும் ஞானத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்: அள, வேண்டியதோடு ஒத்துப் பார், வித்தியாசத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் திருத்து, மறுபடி அள. இஸ்திரிப் பெட்டி துணியைக் கருக்காமலிருப்பதும் கப்பல் பாறையில் ஏறாமலிருப்பதும் இதனால்தான். எச்சரிக்கையும் இரண்டே. அளக்க வேண்டியதை அள. சேதி சீக்கிரம் வரட்டும். சேதி தாமதமாக வந்து, திருத்தமும் தடாலடியாக இருந்தால், கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடிக் கவிழும். கம்ப்யூட்டர் வலையும் இப்படித்தான் ஓட வேண்டும். ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அள. அது கூடினால், அறை நிரம்பும் முன்பே அங்கொன்று இங்கொன்று மெல்லத் தூக்கிப் போடு. அனுப்புகிறவர்கள் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார்கள். விழுந்ததை மறுபடி அனுப்பிக்கொள்வார்கள்.

பொட்டலம் நின்ற நேரத்தை வாரியம் அளக்கவில்லை. விழுந்ததை மட்டும் எண்ணியது. நோயாளி அலறுகிறாரா என்று மட்டும் பார்க்கிற ஆஸ்பத்திரி மாதிரி. எல்லோர் வாயையும் துணி வைத்துக் கட்டியாயிற்று, எல்லோரும் குணம், டாக்டருக்கு விருது.

4

வரிசைக்காரியின் நாத்தனார் உதவித் தொலைபேசி மையத்தில் கேட்பவளாக இருக்கிறாள். வேலையின் பெயரே அதுதான். மனசு உடைந்தவர்கள், பேச ஆள் இல்லாதவர்கள், இனி என்ன என்று தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள். எடுத்துக் கேட்க வேண்டும். விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், இந்த வேலை கிடைத்த பின்தான் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பல் தேய்க்கும்போதும் பேசுவாள். இருக்கிற ஒரே குளியலறைக்காக அண்ணியும் நாத்தனாரும் தினம் காலையில் ஒரு போர் நடத்துவார்கள். அதில் சத்தம் முழுக்க நாத்தனார் பக்கம், வெற்றி முழுக்க அண்ணி பக்கம்.

ஒருநாள் சாயங்காலம் வாயாடி பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு நோட்டீஸை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழைப்பவர் பேசி முடித்த பின் நீண்ட மௌனம் காத்தல், அக்கறையின்மை, பணிநீக்கத்துக்கு முந்தைய விசாரணை வியாழக்கிழமை.

“என்னை ஊமைன்னு எழுதியிருக்காங்க அண்ணி.”

அவள் அண்ணன், அதாவது வரிசைக்காரியின் புருஷன், இஸ்திரி போட்டுக்கொண்டே ஒரு ஜோக் அடித்தார். நாங்க இத்தனை வருஷம் கேட்ட வரம் ஆபீசுக்குக் கிடைச்சிருக்கு என்றார். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் நடுவுல வரல என்று சட்டைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். கதை முடியும்வரை அவர் நடுவில் வரப்போவதில்லை. சொன்ன சொல் தவறாதவர்.

வாயாடி மெதுவாகச் சொன்னாள். மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

“ஒரு பொண்ணு அழுதுட்டு, இருக்கீங்களான்னு கேக்குது. நான் உடனே பேசினேன் அண்ணி. ரெக்கார்டுல போட்டா, நான் பேசவே இல்ல. அது மறுபடி இருக்கீங்களாங்குது. அப்பவும் நான் இல்ல. அப்புறம் வெச்சிருச்சு. அது வெச்சதுக்கு அப்புறம் என் குரல் வருது. நல்லா, அன்பா, யாருமில்லாத போன்ல.”

நோட்டீஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உடனே பேசினதா நானா நெனச்சுக்கறேன்போல. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுபோல” என்றாள்.

வரிசைக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையிலிருந்த தலையணை உறையை நாலாவது முறையாக மடித்தாள். மற்றவர்களின் பதிவுகள் எப்படி என்று கேட்டாள். எல்லாருக்கும் நல்ல மதிப்பெண் என்றாள் வாயாடி. அவர்கள் எதிராளி வாயைத் திறக்கும் முன்பே ‘சொல்லுங்க சொல்லுங்க, ஆமா ஆமா, கேட்டுட்டிருக்கேன்’ என்று நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருப்பார்களாம். எதிராளிக்கு ஒரு மூச்சு விட இடம் கிடைக்காது. பதிவில் மௌனமே இராது. “என்னால அப்படி முடியாது அண்ணி. அழறவங்ககிட்ட எப்படி மேல மேல பேசறது?”

(இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். வீட்டில் பேசியே கொல்லுகிறவள், அந்த ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடிக் கேட்கிறாள். அந்த ஒன்றுக்காக அவளைத் துரத்துகிறார்கள். கேட்கவே கேட்காதவர்களுக்கு நட்சத்திரம். இதில் நகைச்சுவை கேட்கிறார் செயலாளர்.)

5

செயலாளரின் ஓரக்குறிப்புகள் வந்தன. சுருக்கித் தருகிறேன்.

‘விழுந்தது’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது, தவிர்க்கலாம். நாத்தனார் பாத்திரம் எதிர்மறையாக உள்ளது, அவரை விழாவில் வரவேற்புரை ஆற்றுபவராக மாற்றலாம். இயக்குநர் இன்னும் கதைக்குள் வரவில்லை. வரும்போது அவரை மனிதத்தன்மையோடு காட்டவும்.

மூன்றாவது குறிப்பு நியாயமானது. எதிரிக்கும் ஒரு நெஞ்சு வைத்து எழுதுவதுதான் எழுத்துத் தர்மம். முயன்றேன்:

“இயக்குநர் சின்ன வயதில் ஒரு குமாஸ்தாவாக இருந்தார். ஒருநாள் அவர் கையிலிருந்து ஒரு கோப்பு தொலைந்தது. எல்லோர் முன்னாலும் மேலதிகாரி அவரை நிற்கவைத்து— அன்றிலிருந்து, எதுவும் தொலையக் கூடாது என்ற வெறி—”

நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் இதை நான் கட்டினேன். அந்த ஆளுக்கு அப்படி ஒரு கோப்பும் தொலையவில்லை, அவர் குமாஸ்தாவாக இருந்ததும் இல்லை. பச்சைப் புள்ளி அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பெரும்பாலான அநியாயங்களுக்குப் பின்னால் சோகமான இளமை ஒன்றும் இருப்பதில்லை. படம் எடுக்கத் தோதான ஒரு சுவர் இருக்கிறது. அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். நீக்கியதை நீங்கள் பார்க்கும்படி விட்டிருக்கிறேன்.

வாயாடியின் மீதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்ததை மறைக்கவில்லை. ஒருவேளை அவள் நிஜமாகவே தாமதமாகப் பேசுகிறவளாக இருந்தால்? தன் மேல் தவறில்லை என்று யார்தான் சொல்லவில்லை? எனக்கு வந்த அந்தச் சந்தேகம் வரிசைக்காரிக்கும் வந்தது. அவள் அண்ணி மட்டுமில்லை, பொறியாளரும்கூட. அளந்து பார்த்தாள்.

6

மறுநாள் மதியம். மையம் இருக்கும் கட்டடத்தின் எல்லா இலாகாக்களும் தங்கள் கேமராப் படங்களையும் நகல் கோப்புகளையும் வெளியே தள்ளும் நேரம், வாயாடியின் ஷிப்ட். அழைப்புகளைப் பதிவு செய்யும் கருவி இருக்கும் தலைமைக் கட்டடத்துக்கு வரிசைக்காரி போனாள். அங்கிருந்து மையத்துக்குப் போன் போட்டு நாத்தனாரைப் பிடித்தாள். “நான் டேபிளைத் தட்டுவேன். கேட்ட உடனே ‘ம்’ சொல்லு” என்றாள்.

தட்டினாள். காத்திருந்தாள். சுவரில் தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்தும் முறை ஒட்டியிருந்தது. முதல் வரியைப் படித்தாள், ஊசியை இழுக்கவும். இரண்டாவது வரியில் பாதி வந்தபோது “ம்” வந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடி ஊசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பகுதியை நோக்கி— “ம்.”

வாயாடியின் காதுக்கு எல்லாம் நேரத்துக்கு வருகிறது. அவள் வாயிலிருந்து போவதுதான் வெளி இணைப்பின் நீண்ட அறையில், கேமராப் படங்களுக்குப் பின்னால் நின்று, நின்று, ஒன்றுகூட விழாமல், பத்திரமாக, உபயோகமில்லாமல் போய்ச் சேருகிறது.

“இப்பவும் லேட்டா அண்ணி?”

“நீ லேட் இல்லடி. ஒரு நாளும் நீ லேட் இல்ல.”

“அப்ப யாரு?”

“நான்தான். அந்த வரிசையை நீட்டி வெச்சது நான்.”

போனில் சத்தம் இல்லை. அந்த மௌனத்தில் ரவுட்டரின் பங்கு எவ்வளவு, நாத்தனாரின் பங்கு எவ்வளவு என்று வரிசைக்காரியாலேயே பிரிக்க முடியவில்லை.

“சரி,” என்றது கடைசியில் அந்தக் குரல். “இதை அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது.”

போனாள். இயக்குநர் தம் அறையில் நின்றுகொண்டு ஏற்புரைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வரிசைக்காரி எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னாள், இன்னும் எளிமையாகவே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கத் தெரிந்த மாதிரி கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

“அதாவது, நாமளே எடுத்துக் கீழ போடணும்னு சொல்றீங்க.”

“அங்கொண்ணு இங்கொண்ணு சார். எதுவும் தொலையாது, திரும்ப வந்துரும். வரிசை கரைஞ்சிரும். குரல் நேரத்துக்குப் போகும்.”

“சுவர்ல?”

“சிவக்கும் சார்.”

“வெள்ளிக்கிழமை விழா. விருந்தாளிங்க அந்தச் சுவருக்கு முன்னாடிதாம்மா நிக்கப் போறாங்க.”

குரலுக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்து முன்னால் அனுப்பிவிடக் கூடாதா என்று அவரே யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் போன வருஷமே எல்லா இலாகாவும் தங்கள் பொட்டலங்களுக்கு ‘மிக அவசரம்’ என்று முத்திரை குத்தி வாங்கிவிட்டன என்று வரிசைக்காரி நினைவூட்டினாள். கையெழுத்து அவருடையதுதான். இதோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒத்திகைப் படமும்கூட மிக அவசரத்தில்தான் போகிறது.

“அது அவசரம்தானே,” என்றார் அவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

விசாரணையைப் பற்றிக் கேட்டாள். நாத்தனார் என்று சொல்லவில்லை, அந்தக் கேட்பவர் என்று சொன்னாள். அவர் கையை விரித்தார். நெட்வொர்க்கில் குறை இருந்தால் நமக்கு விருது எப்படிக் கொடுப்பார்கள்? விசாரணை அதிகாரிக்கு இணைப்பின் சான்றிதழ் போயிருக்கிறது, இழப்பு பூஜ்யம். இயந்திரத்தில் குறை இல்லை என்றால் குறை மனுஷியிடம்தானே இருக்க வேண்டும்? வேண்டுமானால் விழா முடியட்டும், இன்னும் பெரிய பஃபராக வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

* இன்னொரு அடிக்குறிப்பு. ‘விழா முடியட்டும்’ என்பது எந்த நாட்டு அலுவலகத்திலும் உள்ள காத்திருப்பு அறை. அதில் எந்தப் புகாரும் விழுவதே இல்லை. எல்லாம் பத்திரமாக இருக்கும். புகார் கொடுத்தவன் செத்த பிறகு முறைப்படி வெளியே வரும்.

7

செவ்வாய்க்கிழமை. கதைக்கு முடிவு வேண்டும். விசாரணை அதிகாரி ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். வியாழன் மதியம், பதிவுக் கருவிப் பக்கமிருந்து, வாயாடி எடுக்கும் அழைப்பு ஒன்றை அவரே நேரில் கேட்பார். அதில் அவள் உடனே பேசினால் வேலை நிலைக்கும், பேசாவிட்டால் போகும். வரிசைக்காரி இயந்திர அறையிலிருந்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் வரிசை கரையும், சுவர் சிவக்கும். உத்தரவில்லாமல் சுவரைச் சிவக்க வைத்தால் அடுத்த நோட்டீஸ் அவளுக்கு.

முடிவு அ. (செயலாளர் அன்புடன் எழுதி அனுப்பியது.) இயக்குநர் அவர்கள் விஷயம் அறிந்து கண் கலங்கி, தாமே இயந்திர அறைக்குச் சென்று, ஏழு துணை இயக்குநர்கள் புடைசூழ—

முடிவு ஆ. வரிசைக்காரி கட்டளையை அழுத்துகிறாள். லாபி சிவக்கிறது. வாயாடி ஜெயிக்கிறாள். இயக்குநர் திருந்துகிறார். இதை எழுதிக் கிழித்தேன். இயக்குநர்கள் திருந்தி நான் பார்த்ததில்லை. மாற்றலாகி, பதவி உயர்வோடு, இன்னொரு சுவருக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

முடிவு இ. அவள் அழுத்தவில்லை. வீட்டுக் கடன், மகள் படிப்பு, பயம். நாத்தனார் வேலை போகிறது. குளியலறைக்கு இனி போர் இல்லை. அந்த அமைதியில் துணி மடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. இது இலக்கியமாக இருக்கிறது. பரிசுகூடக் கிடைக்கலாம். இப்படி ஒரு முடிவை எழுதிவிட்டு நான் எந்த முகத்தோடு டீ குடிப்பேன்?

முடிவு ஈ என்று ஒன்று எழுதினேன். அது பிடித்திருந்தது. ஒன்றரைப் பக்கம். வரிசைக்காரி என்ன செய்தாள், வாயாடி என்ன சொன்னாள், விசாரணை அதிகாரி காதிலிருந்து ரிசீவரை எப்படி எடுத்தார் என்று எல்லாம் இருந்தது. அதையே கடைசியில் வைத்து, முழுக் கதையையும் புதன்கிழமை செயலாளருக்கு அனுப்பினேன்.

8

வியாழன் மதியம் செயலாளர் போன் செய்தார். கதை தமக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் தாம் முடிவெடுக்க முடியாது என்றார். ஆகவே அச்சுக்குப் போகும் பக்கங்களோடு, இயக்குநரின் வண்ணப் படங்களோடு, வாழ்த்துச் செய்திகளோடு சேர்த்து, ஒப்புதலுக்காக ஏழு துணை இயக்குநர்களுக்கும் தனித்தனியாக இப்போதுதான் அனுப்பினாராம். எங்கிருந்து அனுப்பினீர்கள் என்று கேட்டேன். மையம் இருக்கும் கட்டடத்திலிருந்துதான், மலர்க்குழுவுக்கு அங்கேதான் அறை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றார். மிக அவசரம் என்று முத்திரை போட்டே அனுப்பினாராம். நான் கவலைப்பட வேண்டாமாம்.

ஆகவே நிலவரம் இது. ஒரே ஒரு வெளி இணைப்பு. அதன் நீண்ட அறையில் நிற்கிறவர்கள்: நேற்றைய கேமராப் படங்கள், போன வருஷத்து வருகைப் பதிவேட்டின் மூன்றாவது நகல், மலர்க்குழு அனுப்பும் ஏற்புரை ஒத்திகைப் படம், அவர்களுக்குப் பின்னால் ஏழு பிரதிகளாக இந்தக் கதை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதே கதை. என் நியாயம், என் கிண்டல், நான் பெருமைப்படும் அந்தக் கைக்குட்டை உவமை, எல்லாம். அதற்கும் பின்னால்தான் அவள் குரல் வந்து நிற்க வேண்டும்.

மையத்தில் வாயாடி காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். தலைமைக் கட்டடத்தில் விசாரணை அதிகாரியும் மாட்டிக்கொண்டார். இயந்திர அறையில் வரிசைக்காரி கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு, விரலைக் கடைசிப் பொத்தான் மேல் வைத்திருக்கிறாள். அழுத்தினால் எது விழும் என்று அவளால் தேர்ந்தெடுக்க முடியாது. வரிசையில் அந்த நேரம் எது நிற்கிறதோ அது விழும்.

என்னால் தேர்ந்தெடுக்க முடியும். செயலாளரைக் கூப்பிட்டு, கதையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அனுப்புவதை நிறுத்துங்கள் என்றேன். பதறிப்போனார். மலரில் இரண்டு பக்கம் காலியாகிவிடுமே என்றார். ஆகட்டும் என்றேன். முடிவு ஈ அதோடு போயிற்று. அதற்கு மட்டும் என்னிடம் நகல் இல்லை, நினைவிலிருந்து திரும்ப எழுதவும் மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தே தூக்கிப் போடுகிறேன்.

ஆனால் என் ஒரு கதை விலகினால் கொஞ்சம் இடம்தான் கிடைக்கும். மீதி, அவள் விரல். அவள் சார்பில் அதை நான் அழுத்த முடியாது. வேலை அவளுடையது, நாத்தனார் அவளுடையவள். நீங்கள் இவ்வளவு தூரம் அவள் கூடவே வந்திருக்கிறீர்கள். அவளுக்கு என்ன போகும் என்று தெரியும், அழுத்தாவிட்டால் யாருக்கு என்ன போகும் என்றும் தெரியும். நீங்களே தீர்மானியுங்கள். விழா முடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மணி அடிக்கிறது. வாயாடி எடுக்கிறாள். யாரோ ஒரு வயதானவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, போன் பேசிப் பழக்கமில்லாதவர்போலக் கேட்கிறார்:

“நான் பேசறது அங்க யாருக்காவது கேக்குதாம்மா?”

வாயாடி உடனே